எண்ணிப் பார்க்காத எண்: போனக்காட்டு ஓடையும் ஒருசெல் பாசிகளின் மடியநிலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. சென்றால் போனக்காடு. மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, பாதி காடாகிவிட்ட தேயிலைச் சரிவுகள், இன்னும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் தொழிலாளர் லயங்கள் ஆகியவற்றைக் கடந்தால் 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு ஏறும் பாதை தொடங்குகிறது. தமிழர் பொதிகை என்று போற்றும் இம்மலைத்தொகுதி, 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது. பூக்கும் தாவரங்களுக்காகவும் பெரணிகளுக்காகவும் தாவரவியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து செல்கின்றனர். பேப்பாறை நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் ஓடைகளில் குனிந்து ஒரு குப்பி நீர் எடுத்துச் செல்வோர் குறைவு.

அவ்வாறு எடுத்த நீரின் ஒரு துளியில் டயட்டமும் இருக்கும், டெஸ்மிட்டும் இருக்கும். இரண்டும் ஒருசெல் பாசிகள்; இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்பவை; நுண்ணோக்கியின் ஒரே பார்வைப் புலத்தில் அருகருகே கிடப்பவை. ஆனால் டயட்டத்தின் உடற்செல் இருமடியம்; டெஸ்மிட்டின் உடற்செல் பொதுவாக ஒருமடியம். முன்னதில் குன்றல் பகுப்பு கேமீட்டுகள் உருவாகும்போது நிகழ்கிறது; பின்னதில் சைகோஸ்போர் முளைக்கும்போது நிகழ்கிறது. இந்த வேறுபாட்டைச் செல்லின் வடிவம் சொல்லாது, நிறம் சொல்லாது, டி.என்.ஏ. வரிசையின் ஒரு துண்டும் சொல்லாது. உட்கருவைப் பார்த்தும் வாழ்க்கைச் சுழற்சியைத் தொடர்ந்தும்தான் அறிய வேண்டும்.

இன்றைய ஆய்வேடுகளில் இந்த வேலை கைவிடப்பட்டு வருகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குறை. பாசியைத் தனிமைப்படுத்துகின்றனர், படம் எடுக்கின்றனர், ஒரு மரபணுத் துண்டை வரிசைப்படுத்தி இனப்பெயர் சூட்டுகின்றனர், கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று அளக்கின்றனர். அச்செல்லில் குரோமோசோம் தொகுதி எத்தனை என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும், நெருங்கிய இனம் ஒன்றைப் பற்றிய பழைய கட்டுரையிலிருந்து ஓர் எண் கடன் வாங்கப்படுகிறது. எண்ணிப் பார்க்காத எண், அட்டவணையில் ஏறியவுடன் உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

இப்பணி தென்னிந்தியாவுக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் மா. ஓ. பார்த்தசாரதி அய்யங்காரும் ஆர். சுப்பிரமணியனும் சைக்ளோடெல்லா மெனிகினியானா என்னும் நன்னீர் டயட்டத்தின் உட்கருப் பகுப்பைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1942இல் முன்குறிப்பாகவும் 1944இல் விரிவான கட்டுரையாகவும் அதை இந்தியத் தாவரவியல் கழக இதழில் வெளியிட்டனர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆக்ஸோஸ்போர் உருவாகும்போது குன்றல் பகுப்பு நிகழ்கிறது என்று அவர்கள் காட்டினர். ஆகவே உடற்செல் இருமடியம் என்பது உறுதிப்பட்டது. வட்ட வடிவ டயட்டங்களின் வாழ்க்கைச் சுழற்சி தெளிவுபடாதிருந்த காலத்தில் இது சிறிய பங்களிப்பன்று.

அந்த ஆய்வின் மறுபாதியையும் மாணவர்கள் அறிய வேண்டும். நான்கு உட்கருக்களில் இரண்டு அழிய, எஞ்சிய இரண்டும் அதே செல்லுக்குள் இணைகின்றன என்று அவர்கள் விளக்கினர், அதாவது தற்கலப்பு. பின்னர் ஃபான் ஷ்டாஷ் மெலோசைரா என்னும் வட்ட டயட்டத்தில் அண்டமும் நீந்தும் ஆண் கேமீட்டும் இருப்பதை 1950இல் அறிவித்தார். 1968இல் சைக்ளோடெல்லா மெனிகினியானாவிலேயே ஆண் கேமீட்டுகள் உருவாவதை ஷுல்ட்ஸ், டிரெய்னர் ஆகியோர் பதிவு செய்தனர். இதனால் தற்கலப்பு என்ற விளக்கம் ஐயத்துக்குள்ளாயிற்று; குன்றல் பகுப்பு நிகழ்கிறது என்ற அடிப்படைக் காட்சி நிலைத்தது. தாம் கண்டதை வரைந்தும் வரிசைப்படுத்தியும் வைத்திருந்ததால்தான், பின்வந்தோரால் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்தறிய முடிந்தது. நல்ல செல்லியல் பதிவின் பயன் இது. விளக்கம் தவறினாலும் பதிவு பயன்படும்.

திருவனந்தபுரத்திற்கும் இம்மரபில் தனி இடம் உண்டு. பின்னாளில் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்ட எ. க. ஜானகி அம்மாள், 1932 முதல் 1934 வரை இந்நகரின் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். அடுத்துக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பன்மடியக் கரும்புகளை ஆராய்ந்தார். 1954இல் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. ஆபிரகாமும் சி. ஏ. நைனானும் ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்னும் சிறு பெரணியில் 2n = 1260 என்ற எண்ணிக்கையை கரண்ட் சயன்ஸ் இதழில் அறிவித்தனர். உலகத் தாவரவியலாளர் அனைவரும் அறிந்த எண் அது. அதே இனத்தில் 1440 என்ற எண்ணும் பின்னாளில் பதிவாயிற்று. அந்த ஆபிரகாம்தான் 1979இல் பாலோட்டில் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். பாலோடு போனக்காட்டுக்குத் தொலைவிலில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட குரோமோசோம்களை நுண்ணோக்கியும் கைவரைபடமும் கொண்டு எண்ணிய மரபு இம்மலையடிவாரத்திலேயே இருந்திருக்கிறது.

பாசிகளைப் பொறுத்தவரை, இலண்டனில் காட்வர்டு பதிப்பித்த பாசிகளின் குரோமோசோம்கள் என்னும் நூல் 1966இல் வெளிவந்தது. இந்தியாவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒய். எஸ். ஆர். கே. சர்மா பசும்பாசிகளின் செல்லியலை வளர்த்தார். அதன்பின் மூலக்கூறு உயிரியல் எழுந்தது. குரோமோசோம் எண்ணுவது பழைய கலையாகக் கருதப்படலாயிற்று. அப்படிக் கருதுவோரின் வாதங்களைப் புறந்தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை.

முதல் வாதம்: ஒருசெல் பாசிகளின் குரோமோசோம்கள் எண்ணத் தக்கவை அல்ல. இதில் உண்மை உண்டு. ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர், பல பாசிகளின் குரோமோசோம்கள் அந்த எல்லையை ஒட்டிய புள்ளிகளே. சயனிடியோஷைசான் மெரோலே என்னும் சிவப்புப் பாசியில் பகுப்பின்போதுகூட அவை சுருண்டு தடிப்பதில்லை. அதன் 20 குரோமோசோம்களை வேறு வழிகளில்தான் அறிந்தனர். கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டியின் வரலாறு இன்னும் பாடம் தருவது. நுண்ணோக்கியில் பார்த்தோர் 8 என்றனர், 16 என்றனர். மரபியல் இணைப்பு வரைபடங்கள் ஒரு காலத்தில் அவற்றையும் கடந்த எண்ணிக்கையைக் காட்டின. தனித்தனித் தொகுதிகள் என்று எண்ணப்பட்டவற்றுள் சில ஒன்றே என்று தெரியவந்தபின்தான் 17 என்ற எண் நிலைபெற்றது. உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒருசெல் பாசிக்கே இந்நிலை எனில், போனக்காட்டு ஓடையிலிருந்து புதிதாக எடுத்த ஒன்றுக்கு அண்டை இனத்தின் எண்ணைக் கடனாகத் தருவது எவ்வகையில் பொருந்தும்? கடினம் என்பது பல முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதற்கான காரணம். விட்டுவிடுவதற்கான காரணம் ஆகாது.

இரண்டாம் வாதம்: ஃப்ளோ சைட்டோமெட்ரி இருக்கிறது, சாயம் ஏற்றி ஓடவிட்டால் மடியநிலை தெரிந்துவிடும். இக்கருவி டி.என்.ஏ.வின் அளவைக் காட்டும். குரோமோசோம் எண்ணிக்கையைக் காட்டாது. பசும்பாசிகளில் ஒரு பெரும் பொறியும் உண்டு. கிளாமிடோமோனாஸ், குளோரெல்லா, சினடெஸ்மஸ் போன்றவை பகலில் வளர்ந்து பெருத்து, பின் விரைவாகப் பலமுறை பகுந்து 4, 8, 16 எனச் சேய்ச்செல்களைத் தருபவை. அச்சேய்ச்செல்கள் தாய்ச்செல்லின் சுவருக்குள் சிறிது நேரம் ஒன்றாகவே இருக்கும். கருவிக்கு அது ஒரே துகள். ஆகவே வரைபடத்தில் 1, 2, 4, 8 மடங்கு என அடுக்கடுக்காய் முகடுகள் தோன்றும். அவற்றைப் பன்மடியம் என்று வாசித்துவிட்டால், இயல்பான ஒருமடியப் பாசி ஒன்று எண்மடியமாகிவிடுகிறது. எந்த நேரத்தில் மாதிரி எடுக்கப்பட்டது, ஒளியும் இருளும் எத்தனை மணிநேரம் மாறிமாறித் தரப்பட்டன, ஒப்பீட்டுக்கு எந்த வளர்ப்பு பயன்பட்டது, பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வு நீக்கப்பட்டதா என்ற நான்கு விவரங்களும் இல்லாத வரைபடம் சான்றாகாது.

மூன்றாம் வாதம்: முழு மரபணுத்தொகுதியையே வரிசைப்படுத்தும் காலத்தில் எண்ணுவது எதற்கு? ஆஸ்ட்ரியோகாக்கஸ் டாரி என்னும் மிகச் சிறிய பசும்பாசிக்கு 20 குரோமோசோம்கள், சுமார் 12.6 மில்லியன் காரஇணைகள் என்று 2006இல் வரிசைப்படுத்தல் காட்டியது உண்மையே. ஆனால் கோவை செய்யப்பட்ட வரிசை தானாக மடியநிலையைச் சொல்வதில்லை. இருமடியத்தின் இரு பிரதிகளும் ஒத்திருந்தால் கணினி அவற்றை ஒன்றாக மடக்கிவிடும். இரு தொகுதிகளுக்கிடையே வேறுபாடு இருந்தால்தான் இருமடியம் வெளிப்படும். முற்றிலும் ஒத்த இரு தொகுதிகளைக் கொண்ட செல்லும் ஒரே தொகுதி கொண்ட செல்லும் வரிசைத் தரவில் ஒரே மாதிரி தோன்றும். ஓடையில் பிடித்த ஒரு செல்லை வளர்ப்பாக்கி வரிசைப்படுத்துபவருக்கு இந்த ஐயம் எப்போதும் உண்டு. அதைத் தீர்க்கச் செல்லுக்கு எவ்வளவு டி.என்.ஏ. என்று அளக்க வேண்டும். முடிந்தால் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். புதிய முறை பழைய முறையை வேண்டாததாக்கவில்லை. அதன் துணையை நாடுகிறது.

நான்காம் வாதமே வலியது. டெஸ்மிட்டுகளில் எண்ணிக்கை மிக மாறுபடுகிறது. ஒரே இனம் என்று சொல்லப்படுபவற்றின் வளர்ப்புகளுக்கிடையேயும் வேறுபடுகிறது. நெட்ரியம் டிஜிடஸில் சுமார் 592 வரை சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றின் குரோமோசோம்களில் சென்ட்ரோமியர் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே எண்ணை வைத்து இனத்தை அடையாளம் காண முடியாது என்பர். ஒப்புக்கொள்ளத்தக்கதே. குரோமோசோம் எண் இனத்தின் அடையாள அட்டை என்று கருதிய காலம் போய்விட்டது. ஆனால் இனம் பிரிப்பதற்கு வடிவத்தையே முதன்மையாகக் கொள்வோர்தாம் மடியநிலையை எவரினும் கவனமாக அறிந்திருக்க வேண்டும். பின்லாந்தின் வாரிஸும் கல்லியோவும் மைக்ராஸ்டீரியாஸ் என்னும் அழகிய டெஸ்மிட்டில் செய்த சோதனைகள் இதற்குச் சான்று. பகுந்துகொண்டிருக்கும் செல்லை விரைந்து சுழற்றி, இரு உட்கருக்களும் ஒரு பாதிக்கே செல்லுமாறு செய்தபோது, மடியநிலை கூடிய செல்கள் கிடைத்தன. அவற்றின் உடல் பெருத்தது. இரு பக்கச் சமச்சீர் மூன்று ஆரங்களாக மாறவும் கூடியது. மரபணு புதிதாக எதுவும் சேரவில்லை. தொகுதியின் எண்ணிக்கை மட்டுமே மாறியது. மலை ஓடையில் பெருத்த ஒரு செல்லையோ மூவாரச் செல்லையோ கண்டு புதிய வகை என்று பெயரிடும் ஆய்வாளர், தம் கையில் இருப்பது பழைய இனத்தின் இருமடிய வடிவமா என்று கேட்டாரா?

பெயரிடுவதில் நேரும் பிழையோடு இது முடிவதில்லை. கிளாமிடோமோனாஸில் சில கலப்புகளில் சைகோட் சைகோஸ்போராக உறங்காமல், இருமடியமாகவே பகுந்து வளரத் தொடங்கும். இத்தகைய நிலையான இருமடிய வளர்ப்புகளை எபர்சோல்ட் 1967இல் விவரித்தார். கூட்டல், கழித்தல் என்ற இரு பால்வகை மரபணுக்களையும் கொண்டிருந்தும் இவை கழித்தல் வகையாகவே நடந்துகொள்ளும். பார்வைக்கும் கலப்பு நடத்தைக்கும் சாதாரண ஒருமடியக் கழித்தல் வளர்ப்பைப் போன்றே இருக்கும். உள்ளே இரு தொகுதிகள்.

இதன் விளைவை ஓர் ஆய்வு மாணவரின் மேசையில் வைத்துப் பார்க்கலாம். ஓடையிலிருந்து பிரித்த பாசி ஒருமடியம் என்ற நம்பிக்கையில், அதிகக் கொழுப்புத் தரும் சடுதிமாற்ற வகையைத் தேடிப் புறஊதாக் கதிர் செலுத்துகிறார். ஒருமடியத்தில் ஒடுங்கு மாற்றம் உடனே வெளிப்படும். இருமடியத்திலோ மாறாத மறுபிரதி அதை மறைத்துவிடும். ஆயிரக்கணக்கான கூட்டமைவுகளைச் சோதித்தும் எதுவும் கிடைக்காது. கதிரின் அளவு குறைந்ததோ, ஊடகம் கெட்டதோ, கை பழகவில்லையோ என்று மாணவர் தம்மையே நொந்துகொள்வார். உதவித்தொகைக் காலம் கரைந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் சில வாரங்கள் செலவிட்டு மடியநிலையை உறுதிசெய்திருந்தால் இந்த ஆண்டுகள் வீணாகியிருக்கமாட்டா. குரோமோசோம் எண்ணுவதை ஆடம்பரம் என்று சொல்லும் நெறியாளர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தச் சில வாரங்களின் வேலை எளிதானது என்று எவரும் சொல்லவில்லை. ஒளி இருள் சுழற்சியில் வளர்ப்பை ஒத்திசைக்க வேண்டும். பெரும்பாலான பசும்பாசிகள் இருளில் பகுவதால் இரவெல்லாம் குறித்த இடைவெளிகளில் மாதிரியை நிலைப்படுத்த வேண்டும். பச்சையத்தை ஆல்கஹாலில் வெளுக்க வேண்டும். அசிட்டோகார்மைனுடன் இரும்பின் சிறு சுவடு சேர்த்துச் சாயமேற்ற வேண்டும். சுவர் தடித்த செல்லைக் கண்ணாடித் தகட்டின் கீழ் உடையாமல் நசுக்கக் கைப்பழக்கம் வேண்டும். பைரினாய்டும் ஸ்டார்ச் மணிகளும் சாயமேறிய குரோமோசோம்போல் ஏமாற்றும். பகுப்பை நிறுத்த விலங்குச் செல்லுக்குப் போதுமான கொல்கிசின் அளவு பாசிக்குப் பல வேளைகளில் போதாது. இவை யாவும் நூலில் படித்துக் கற்க இயலாதவை. அறிந்தவர் அருகில் அமர்ந்து கற்பவை. இக்கைத்திறன் உடையோர் ஓய்வுபெற்றுச் செல்கின்றனர். அவரிடம் கற்க ஒருவரும் இல்லையெனில், கருவி வாங்க நிதி கிடைத்தாலும் திறன் திரும்பக் கிடைக்காது.

ஆகவே சில நடைமுறைகள் வேண்டும். ஒருசெல் பாசி ஒன்றின் மடியநிலையைக் குறிப்பிடும் எந்த ஆய்வேடும், அது அளந்ததா, எண்ணியதா, பிற இனத்திலிருந்து ஊகித்ததா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எண்ணியதாயின், எத்தனை செல்களில், எந்த எல்லைக்குள், வாழ்க்கைச் சுழற்சியின் எந்த நிலையில் என்று குறிக்க வேண்டும். சுமார் என்ற சொல்லை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. 592 என்பதன் முன் அச்சொல் இருப்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. ஆராய்ந்த உயிர்வளர்ப்பை ஒரு வளர்ப்புச் சேகரத்தில் ஒப்படைக்க வேண்டும். நெடுநாள் வளர்ப்பில் மடியநிலை மாறக்கூடுமாதலால் பிரித்த நாளும் எண்ணிய நாளும் பதிவாக வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், மரபணு வரிசையின் எண்ணைக் கேட்பதுபோல் மடியநிலைக்கான சான்றையும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரே ஒரு பாசியின் வாழ்க்கைச் சுழற்சியை முழுமையாகக் கண்ட ஆய்வேட்டையும் முழு ஆய்வேடாக ஏற்க வேண்டும்.

போனக்காடு காப்புக்காட்டின் வாயில். அங்கு நீர் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று, அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்து, குப்பியைக் குளிர்ச்சி கெடாமல் நகரத்துக்குக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் முயன்று ஒரு செல்லைத் தனியே பிரித்தெடுக்கின்றனர். இவ்வளவு உழைப்பின் முடிவில் எழுதப்படும் விவரக்குறிப்பில் குரோமோசோம் எண், மடியநிலை என்ற இரு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன, அல்லது அயலூர்ப் பாசி ஒன்றின் எண்ணால் நிரப்பப்படுகின்றன. வெறுமையாக இருப்பதே மேல். அடுத்து வரும் மாணவருக்கு எங்கே தொடங்குவது என்றாவது அது காட்டும். அக்கட்டங்களைத் தாமே எண்ணி நிரப்புவோர் ஒவ்வொரு துறையிலும் ஒருவரேனும் இருப்பாராயின், 1944இல் சென்னையிலும் 1954இல் திருவனந்தபுரத்திலும் நடந்த வேலைக்குத் தொடர்ச்சி உண்டு என்று சொல்லலாம்.